இரும்புக்காது கேட்ட குரல்

"எமனே நேர்ல வந்து வாக்குமூலம் குடுக்கட்டும். காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் வச்சு, ஒரு பிழை இல்லாம அடிச்சு, அவன்கிட்டயே கையெழுத்தும் வாங்கிட்டு, நான் பாட்டுக்குச் சாப்பிடப் போயிடுவேன். காதுல விழுந்தது கையில இறங்கும். நெஞ்சுல ஒரு வார்த்தை இறங்கினதா சரித்திரமே கிடையாது!"

நீதிமன்றத்துத் தட்டச்சர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, பிரிவுபசாரக் கூட்டத்தில் ஒரு கையில் தேநீரும் மறு கையில் பிஸ்கட்டுமாக நின்றுகொண்டு அந்த அம்மாள் விடுத்த பிரகடனம் இது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரும் அதை வெறும் பீற்றல் என்று நினைக்கவில்லை. நினைக்க முடியாது, அத்தனையும் சத்தியம். ஊரையே ஈரக்குலை நடுங்க வைத்த ஒரு கொலை வழக்கை முதல் சாட்சியிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை தட்டி முடித்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, டீக்கடைக்காரர் ஆவலோடு ஓடிவந்து, "என்னக்கா ஆச்சு? ஆயுளா, விடுதலையா?" என்று கேட்டார். அம்மாள் நிதானமாகக் கேட்ட பதில் கேள்வி: "யாருக்கு?"

அன்றைக்கு விழுந்த பெயர்தான் இரும்புக்காது.

காதுக்கும் மூளைக்கும் ஏதோ நரம்பு ஓடுவதாக வைத்திய சாத்திரம் சொல்கிறது. சாத்திரம் பொதுவாக எழுதப்பட்டது. இந்த அம்மாளுக்கு அந்த நரம்பு தோள் வழியாக நேரே விரல்நுனிக்குப் போய்விட்டது என்பதே அலுவலகத்தின் ஒருமித்த கருத்து. இதனால் அவருக்கு இரத்த அழுத்தம் கிடையாது, கெட்ட கனவு கிடையாது, கல்யாண வாழ்க்கையில் ஒரு சண்டை கிடையாது. இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. அவருடைய வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். வண்டிக்கு அவர் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் வைத்திருந்தார், வாய்க்கு வைக்கவில்லை. எழுந்தது முதல் படுக்கிற வரை பேசுவார். அம்மாள் "ம்" போடுவார்.

"உன்கிட்டப் பேசறதும் சுவத்துகிட்டப் பேசறதும் ஒண்ணுடி. சுவராவது எதிரொலி குடுக்கும்."

"ம்."

ஓய்வுபெற்ற பிறகு பகலெல்லாம் வீட்டில் இருந்தால் இந்த "ம்" இரண்டு பங்காகும் என்று கணக்குப் போட்டுத்தான் அம்மாள் ஆய்வு நிலையத்து வேலைக்குப் போனார்.

அந்த நிலையத்தின் ஆய்வுத் தலைப்பு பெயர்ப்பலகையில் ஒரு வரிக்குள் அடங்காமல் மூன்று வரி ஓடும். சுருக்கிச் சொன்னால், ஊர் ஒதுக்கிவைத்த மக்கள் ஏன் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள், ஏன் உயிரை விடத் துணிகிறார்கள் என்பது. அந்த மக்களுக்கு ஆய்வின் மொழியில் விளிம்புநிலையினர் என்று பெயர். ஊரின் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அறிவியலின் பல அதிசயங்களில் ஒன்று.

பேட்டி எடுப்பவர்கள் ரெக்கார்டரோடு வீடு வீடாகப் போவார்கள். ஒலிப்பதிவுகள் மாடி அறைக்கு வரும். அங்கே தட்டச்சர்கள் அவற்றைக் கேட்டு எழுத்தாக்குவார்கள். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுத் தகடு ஒட்டிய அறை அது. உள்ளே நுழைந்தால் சொந்தக் காலடிச் சத்தமே காலை விட்டுப் போய்விடும். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு ஹெட்போன், காலுக்கடியில் ஒரு பெடல். முன்பக்கம் அழுத்தினால் குரல் ஓடும். குதிகாலால் அழுத்தினால் குரல் பின்னால் போய் மறுபடி சொல்லும். ஒருத்தி எதிரே யாரும் இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருப்பாள். ஒருத்தர் சுவரைப் பார்த்துப் புருவம் நெரிப்பார். யாரும் யாரோடும் பேசுவதில்லை; எல்லாரும் இல்லாத யாருக்கோ காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பார்சல் கொண்டுவந்தவன் ஒரு தடவை அறை வாசலில் நின்று இதைப் பார்த்தான். அடுத்த தடவையிலிருந்து பார்சல் கீழே கேட்டிலேயே கிடந்தது.

அந்த வேலையில் ஆள் தங்காது. ஒருத்தி ஹெட்போனுக்குள் இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவளை அவள் அண்ணன் வந்து அழைத்துப் போனான். இன்னொருவர் தூக்கம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"தூக்கம் வரலையா? எனக்கு இங்கயே வருது," என்றார் இரும்புக்காது, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி.

மௌனத்தையும் தட்ட வேண்டும் என்பது அங்கே விதி. பேசுகிறவர் நிறுத்தினால் அடைப்புக்குறிக்குள் 'மௌனம்' என்று போட வேண்டும்; நீண்டால் 'நீண்ட மௌனம்'. மற்றவர்கள் அந்த இடம் வந்தால் கையைப் பிசைவார்கள். அம்மாளுக்கோ அதுதான் பிடித்த இடம்; பேசுகிறவர் நிறுத்தினால் ஒரு வாய் தேநீர் குடிக்கலாம்.

இன்னொரு விதியும் இருந்தது. அது கதவுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது: கேட்கும் பேச்சில் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தோன்றினால் தட்டுவதை உடனே நிறுத்தி, நிலையத்து மனநல மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நல்ல விதி. நிலையத்தைக் குறை சொல்வதற்கில்லை. அந்த விதியைத் தட்டிக் கொடுத்ததே இரும்புக்காதுதான். என்ன தட்டினோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

தட்டி முடித்ததை இன்னொரு தட்டச்சர் மறுபடி கேட்டு ஒத்துப்பார்ப்பது வழக்கம். ஆட்கள் ஓடிப்போய்க்கொண்டே இருந்ததால் ஒத்துப்பார்க்க வேண்டியவை குவிந்துகிடந்தன. கடைசியில் ஒரு நாள், யார் தட்டியதை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள்.

காலைத் தேநீர் வந்திருந்த நேரம். இரும்புக்காது பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பெடலை அழுத்தினார். ஒத்துப்பார்க்கும் வேலை என்பதால் கைக்கு வேலையில்லை. கண் திரையில், காது பதிவில். கைக்குப் போகிற வழி அடைபட்டதாலோ என்னவோ, அன்றைக்கு அந்தக் குரல் போக வேறு இடம் தேடிற்று.

பதிவு ஊர்க்கோடியில் இருக்கும் துப்புரவுத் தொழிலாளர் லைன் வீடுகளில் எடுத்தது. கழிவுநீர் இறைக்கும் ராட்சச மோட்டாரின் உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கோ குழாய் சொட்டியது. எங்கோ ஒரு தகரம் காற்றுக்கு அடித்துக்கொண்டது. பேட்டி எடுத்தவர் நிலையத்திலேயே மூத்தவர். நல்ல மனிதர், சர்க்கரை நோயாளி. அவரை எல்லாரும் சர்க்கரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்களை நீங்களே எப்பவாவது காயப்படுத்திக்கிட்டது உண்டாம்மா?"

"எங்க வேலைல காயம் இல்லாத நாள் ஏது சார்?" பெண் குரல். சிரித்தது.

"அப்ப இல்லனு போட்டுக்கறேன். வாழ்க்கையே வேணாம்னு தோணினது?"

"இல்ல சார்."

"நல்லது, நல்லது. அம்மா... கொஞ்சம் பாத்ரூம் போகணுமே."

"வீட்டுக்குள்ள கிடையாது சார். லைன் கடைசில இருக்கு. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். அஞ்சாம் வீட்டுல சாவி வாங்கிக்குங்க."

ஊரிலுள்ள கழிப்பறைகளையெல்லாம் கழுவித் துடைக்கிறவர்களுக்கு வீட்டில் அது கிடையாது என்ற புள்ளிவிவரம் ஆய்வில் எங்கும் இடம்பெறவில்லை. அதைப் பற்றி யாரும் கேள்வி தயாரித்திருக்கவில்லை. சர்க்கரைக்காரர் அவசரத்தில் ரெக்கார்டரை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு ஓடினார். செருப்புச் சத்தம் தேய்ந்தது. மோட்டார் உறுமியது. குழாய் சொட்டியது.

பிறகு குரல் மிக அருகில் வந்தது. காது மடலில் மூச்சு படுகிற அருகில்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

இரும்புக்காதின் தாடை அசைவது நின்றது.

"எப்பவோ ஒரு நாள் யாரோ ஒருத்தங்க இதைக் கேப்பாங்கனு சார் சொன்னாரு. கேக்கறீங்கதானே? சாப்பிட்டீங்களா?"

மௌனம். ஒரு தலையசைப்புக்கு வேண்டிய அளவு மௌனம். இரும்புக்காதின் தலை தன் பாட்டுக்கு அசைந்துவிட்டது.

"சரி, சாப்பிடுங்க. நான் பேசறேன்."

வாயில் இருந்த பிஸ்கட் மண்ணாயிற்று.

"சாருகிட்ட எல்லாத்துக்கும் இல்ல இல்லனுட்டேன். பாவம், அவரு மூஞ்சியப் பாத்தா ஆமானு சொல்ல மனசு வரல. அழுதுடுவாரு போல. கடையில சில்லறைய மேலேருந்து போடுவாங்க, தெரியுமா? கையில கை பட்டுடக் கூடாதுல்ல. அது பழகிடுச்சு. பழகிடுச்சுனுதான் நானும் நெனச்சேன். என் கையப் பாத்தா வேலைல ஆன காயம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. பாதி அப்படி. மீதி நானே. எது எதுனு யாரு கண்டா? எங்க ஆளுங்களுக்கு இதுல ஒரு வசதி பாருங்க, ஒளிக்கவே வேணாம்." மறுபடி அந்தச் சிரிப்பு. "பொண்ணுக்கு விடுதிப் பள்ளிக்கூடத்துல இடம் கெடச்சிருக்கு. திறந்ததும் கொண்டுபோய் விட்டுடுவேன். அது வரைக்கும் இருக்கணும். அப்புறம் இருக்க மாட்டேன். முடிவு பண்ணிட்டேன். பண்ணினதுலேருந்து நிம்மதியா இருக்கு. பயந்துடாதீங்க. நீங்க யாரோ, நான் யாரோ."

மோட்டார். குழாய். தகரம்.

"கேட்டீங்களா?"

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. "சாரிம்மா, லேட்டாயிடுச்சு." "பரவால்ல சார்."

இரும்புக்காது கண்ணைத் தூக்கித் திரையைப் பார்த்தார். அத்தனையும் அங்கே இருந்தது. 'பயந்துடாதீங்க' இருந்தது. 'நீங்க யாரோ, நான் யாரோ' என்பதற்கு நடுவில் காற்புள்ளி இருந்தது. 'கேட்டீங்களா?' என்பதற்குக் கேள்விக்குறி, அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் நீண்ட மௌனம். ஒரு பிழை இல்லை. யார் இவ்வளவு சுத்தமாகத் தட்டியது என்று கடைசி வரிக்குப் போய்ப் பார்த்தார். அவருடைய சுருக்கொப்பமே இருந்தது. கோடை விடுமுறைத் தொடக்கத்தில் தட்டியது.

அந்த நாளை அவர் நினைவில் துழாவினார். மதியம் என்ன சாப்பிட்டார் என்பது வந்தது. வேறொன்றும் வரவில்லை.

பஞ்சுத் தகடு ஒட்டிய அறைக்குள் தெருச் சத்தம் வராது. ஆனால் படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெரு தெரியும். அவர் எழுந்து போய்ப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் புத்தக மூட்டையோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மனுஷி இன்னும் இரும்புதான் என்று தனக்கே நிரூபிக்க விரும்பியவர்போல் குதிகாலை அழுத்தினார். "கேட்டீங்களா?" மறுபடி அழுத்தினார். "கேட்டீங்களா?" ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அது அங்கிருந்தும் எறும்புக் குரலில் கேட்டது. அவர் கால்தான் பெடல்மேல் இருந்தது. எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கி அப்பால் வைக்க வேண்டியிருந்தது.

நிலையத் தலைவர் ஊரில் இல்லை. கடலோர ஓட்டல் ஒன்றில், இதே விளிம்புநிலை மக்களின் இதே துயரம் குறித்து, மூன்று வேளை விருந்தோடு நடந்த மாநாட்டில் இருந்தார். பேட்டி கொடுத்தவர்களின் பெயரும் வீடும் ரகசியம். அந்த ரகசியம் இருக்கும் அலமாரியின் சாவி அவருடைய சட்டைப்பையில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அம்மா போனை எடுத்தார். இரும்புக்காது சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"சாவியும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு. பேட்டி எடுத்தவருக்கு வீடு தெரியுமில்ல? அவரைக் கூட்டிட்டு உடனே போங்க. நான் ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அங்க வந்துடறேன்."

"நானா? டாக்டர், நான் வெறும் டைப்பிஸ்ட்டு. எனக்கு என்ன பேசறதுனு..."

"பேசவே வேணாம். புத்தி சொல்லாதீங்க, சத்தியம் வாங்காதீங்க. சாகணும்னு தோணுதானு நேராக் கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துடுமோனு பயப்படாதீங்க. எண்ணம் ஏற்கனவே வந்தாச்சு. கேக்கத்தான் ஆள் வரல. நான் வர்ற வரைக்கும் தனியா விட்டுடாதீங்க."

கீழே சர்க்கரைக்காரர் சர்க்கரை போடாத தேநீரை வெறுப்போடு குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குவளையை வைக்க மேசையைத் தேடினார். மேசை முன்னாலேயே இருந்தது.

"அக்கா... நான் அபாயம் குறைவுனு போட்டேன்."

"நான் காற்புள்ளி போட்டேன். எந்திரிங்க."

வாடகை வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், இரும்புக்காது வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டார். ஓட்டுநர் பள்ளி வண்டி, தலையில் பலகையோடு, வந்து நின்றது. சர்க்கரைக்காரர் பின்னால் ஏறினார். அம்மாள் முன்னால், வாத்தியார் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே பேசினார். எங்கே, எதற்கு என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறெங்கோ போய்விட்டார்.

"... இதே ரோடுதான். போன வருஷம் நெஞ்சு வலி வந்தப்ப இங்கதான் ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"அன்னிக்கு சாயங்காலமே சொன்னேன். நீ ம் போட்டியே."

இரும்புக்காதின் குதிகால் தன்னையறியாமல் அழுந்தியது. அந்த வார்த்தையை மறுபடி கேட்க வேண்டும் என்று கால் நினைத்தது. ஆனால் அந்தக் காலடியில் இருந்தது வாத்தியாரின் பிரேக். வண்டி நட்டநடு ரோட்டில் முக்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனில் தங்கள் குடும்பப் பெருமை முழுவதையும் சொன்னார்கள்.

"அடியே! என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க. அந்த வலி... அப்புறம் டாக்டரைப் பாத்தீங்களா?"

வாத்தியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். பேயடித்தவர்போல் பார்த்தார். அதற்குப் பிறகு லைன் வீடுகள் வரும்வரை அந்த வாய் திறக்கவில்லை.

இறங்கியதும் முதலில் உறுமல்தான் வந்தது. காதால் அல்ல, செருப்பு வழியாக, முழங்கால் வரை. இரும்புக்காது அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் அவருக்கு வழி தெரிந்திருந்தது. சர்க்கரைக்காரர் எந்தச் சந்து என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கையில் அம்மாள் நடக்க ஆரம்பித்துவிட்டார். உறுமல் கொஞ்சம் மெலிகிற இடத்தில் திரும்பினார். தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் இடது பக்கம் வந்தது. பதிவிலும் இடது பக்கம்தான். குழாய்ச் சொட்டு கேட்டது. எல்லா வீடும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி, ஒரே சாம்பல் கதவு. அவர் ஒன்றின் முன்னால் போய் நின்றார்.

"இதான்," என்றார் பின்னால் மூச்சிரைத்தபடி வந்த சர்க்கரைக்காரர். "உங்களுக்கு எப்படி...?"

கதவு வெளியே நாதாங்கி போட்டிருந்தது. தட்டினார்கள். ஆள் இல்லாத வீட்டைத் தட்டினால் வருகிற சத்தம் தனி. அது உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"காலையிலயே பெட்டியத் தூக்கிட்டு அம்மாவும் பொண்ணும் விடுதிக்குக் கிளம்பிட்டாங்களே."

"திரும்பி வந்தாங்களா?"

"தெரியலியே. வர்ற நேரந்தான். நேத்து ராத்திரி எங்க வீட்டு டம்ளர், தட்டு எல்லாத்தையும் ஞாபகமாத் திருப்பிக் குடுத்தா. இப்ப எதுக்குடி அவசரம்னு கேட்டேன். சிரிச்சா."

சர்க்கரைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரும்புக்காது சந்தின் இரு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த நேரம் அவள் எந்த ரோட்டில், எந்தப் பாலத்தில்? குரல் மட்டும் தெரியும், முகம் தெரியாது. எதிரே வருகிற எவளும் அவளாக இருக்கலாம். மோட்டார் உறுமியது. குழாய் சொட்டியது. பதிவு ஓடிக்கொண்டிருப்பதைப்போலவே இருந்தது. இந்த இடத்தில் பேச வேண்டியவள் மட்டும் பேசவில்லை. அது எவ்வளவு நேரம் நீண்டது என்பதை யாரும் தட்டி வைக்கவில்லை.

"யாரு வேணும்?"

முதுகுக்குப் பின்னால். ஹெட்போன் இல்லாமல். அதே குரல்.

இரும்புக்காதுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்களோ என்று. திரும்பினார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நீளக் கை வைத்த சட்டை, வெறுங்கை, காலில் பஸ் ஸ்டாண்டுப் புழுதி. சர்க்கரைக்காரரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நீங்களா சார்? மறுபடியும் பாத்ரூமா?"

சர்க்கரைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகம் கோணிக்கொண்டது. அந்தப் பெண் அன்றைக்குப் பயந்தது இன்றைக்கு நடந்தது: மனிதர் அழுதுவிட்டார். பக்கத்து வீட்டம்மா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வண்டியில் இருந்த வாத்தியாரிடம் ஒப்படைத்தார்.

"இவருக்கு என்ன ஆச்சு? நீங்க யாரு?"

இரும்புக்காது தன்னை என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது என்று யோசித்தார். பதவி, பட்டம், அனுபவம் எதுவும் உதவவில்லை.

"அன்னிக்கு உள்ள யாராச்சும் இருக்கீங்களானு கேட்டியேம்மா."

பெண்ணின் சிரிப்பு நின்றது. அவள் நாதாங்கியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

அறை, அவர் கேட்டதைவிடச் சிறியது. கூட்டிப் பெருக்கித் துடைத்திருந்தது. அலமாரியில் ஒன்றும் இல்லை. ஆணியில் ஒன்றும் இல்லை. யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு போலிருந்தது. அந்தச் சுத்தம் இரும்புக்காதின் முதுகுத்தண்டில் ஏறியது. மேசைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்தார்கள்.

"மன்னிச்சுக்கம்மா. லேட்டா வந்துட்டேன்," என்றார். புத்தி சொல்லாதே, நேராகக் கேள். "சாகணும்னு... இன்னமும் தோணுதா?"

அவள் மேசையைப் பார்த்தாள்.

"பஸ்ல வர்றப்பக்கூட அதேதான் ஓடிச்சு. வீட்டுக்குப் போனதும்னு." நிறுத்தினாள். "வாசல்ல யாரும் நிப்பாங்கனு நெனைக்கல."

"இப்ப?"

"தெரியல."

"தெரியலன்னா சரி. தெரியற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். ஒரு டாக்டரம்மா வந்துட்டு இருக்காங்க. நல்லவங்க. அதட்ட மாட்டாங்க. இன்னிக்கு உன்னைத் தனியா விடறதா இல்ல."

"உங்களுக்கு வேலை இல்லையா?"

"இல்ல," என்றார் இரும்புக்காது. அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

வெளியே தகரம் அடித்துக்கொண்டது. பிறகு அவள், தன்னைப் பற்றி அல்ல, யாரோ தூரத்துச் சொந்தக்காரியைப் பற்றி விசாரிப்பவள்போல் கேட்டாள்:

"அன்னிக்கு நான் என்னல்லாம் சொன்னேன்? பொட்டிதானேனு வாய்க்கு வந்ததை உளறினேன். எனக்கே சரியா ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு."

"சும்மா சொல்லாதீங்க. எத்தனை பேரு பேச்சைக் கேக்கறீங்க."

இரும்புக்காது மேசைமேல் கைகளை வைத்துக்கொண்டார். விரல்கள் அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். 'உள்ள யாராச்சும் இருக்கீங்களா' வந்தது. 'சாப்பிட்டீங்களா' வந்தது. அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். அவள் நிறுத்திய அளவுக்கே நிறுத்தினார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, தன் வாழ்க்கையை வேறொரு வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"கடையில சில்லறைய மேலேருந்து போடுவாங்க, தெரியுமா? கையில கை பட்டுடக் கூடாதுல்ல. அது பழகிடுச்சு. பழகிடுச்சுனுதான்..."

அந்த இடத்தில் அம்மாளின் குரல் உடைந்தது. பதிவில் அப்படி இல்லை. மேலே போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

இரும்புக்காது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.